புது லான் போட்டவர்களே, ஓரத்தைத் தூக்கிப் பார்த்தீர்களா?

மொட்டைமாடி:
கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் முன்னால் போட்ட கொரியன் கிராஸ், மண்ணோடு பெயர்த்து வந்த புல் கார்பெட், 400 சதுர அடி. தினமும் இரண்டு வேளை நானேதான் ஹோஸ் பிடித்தேன். மேலே பச்சைப்பசேல். மூன்றாவது வாரம் மாமனார் வந்தார். "வேர் புடிச்சிருச்சுங்களா மாப்ள?" என்று குனிந்து ஓரத்தை இழுத்தார். ஜமக்காளம் மாதிரி சுருண்டு கையோடு வந்துவிட்டது. அடியில் செம்மண் மாவாகக் காய்ந்து கிடக்கிறது. இருபது நாள் ஊற்றிய தண்ணீர் எங்கேதான் போனது? நர்சரிக்காரர் போனை எடுக்கவில்லை.

கோரைவீட்டுக்காரி:
எங்களுக்கு வேர் நன்றாகவே பிடித்தது. ஒன்பதாம் நாள் காபி டம்ளரோடு வெளியே வந்தால் கார்பெட்டைத் துளைத்துக்கொண்டு ஊசி ஊசியாகக் கோரை! மண் கொட்டிய லாரியிலேயே வந்திருக்கிறது. பிடுங்கினால் தாள் மட்டும் வருகிறது, கிழங்கு உள்ளேயே இருந்துகொள்கிறது. ஸ்க்ரூடிரைவரால் நோண்டினேன். கருப்பாக, நூலில் கோத்த உருத்திராட்சம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "குளியல்பொடிக்குக் காசு கொடுத்து வாங்கறேனேடி இதை" என்கிறாள்.

பழைய மண்வெட்டி:
என் கதை சின்னது. புது லானில் யூரியாவை வீசினேன், கை வீசிய வளைவு வளைவாகவே கருகியது. அதை விடுங்கள். மொட்டைமாடி சார், நர்சரிக்காரர்மேல் பழி போடாதீர்கள். ஹோஸ் பிடித்து நின்றால் நமக்குத்தான் ஐந்து நிமிடத்தில் கால் வலிக்கும், தண்ணீர் கார்பெட்டோடு நின்றுவிடும். போடும் முன் மண்ணை நனைத்தீர்களா? போட்டபின் ரோலர் உருட்டினீர்களா? பலகை போட்டு மிதித்தாலும் போதும். மண்ணுக்கும் கார்பெட்டுக்கும் நடுவே காற்று நின்றால் வேர் இறங்காது. இணைப்புகளில் சலித்த மணல் நிரப்ப வேண்டும். தண்ணீர் விட்டபின் ஒரு மூலையைத் தூக்கி, அடிமண் நனைந்ததா என்று விரலை விட்டுப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் மண் காயவே கூடாது. வேர் பிடித்தபின் இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுங்கள், நாலு அங்குலமாவது இறங்க வேண்டும். காலையில் ஊற்றுங்கள். ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூஞ்சை வரும். இழுத்தால் வராத அளவுக்குப் பிடித்தபின்தான் முதல் வெட்டு, அதுவும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கோரைக்குக் கிளைஃபோசேட் களைக்கொல்லி என்று யாராவது கிளம்புவார்கள், கேட்காதீர்கள், புல்லும் சேர்ந்து சாகும். வெறும் மண்ணிலேயே தண்ணீர் விட்டு, முளைக்க வைத்து எடுத்திருக்க வேண்டும். இப்போது ஸ்க்ரூடிரைவர்தான்.

உப்புக்காற்று:
எங்கள் பிரச்சினையே வேறு. கடலோரம், போர் தண்ணீர் உப்பு. ஒரே மாதத்தில் நுனியெல்லாம் பழுப்பு, மண்மேல் வெள்ளைப் படலம். நல்ல தண்ணீர் லாரி சொல்லிக் கட்டுப்படியாகாமல் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு எருமைப்புல் நட்டோம். முரடு, வெறுங்காலில் நடக்க சுகமில்லை. ஆனால் இருக்கிறது. அப்புறம், கோரைவீட்டுக்காரி, கிழங்கு மிச்சம் இருந்தால் எனக்கும் கொஞ்சம்.

மொட்டைமாடி:
பழி போடவில்லை ஐயா, போனை எடுக்கவில்லை என்றுதான் சொன்னேன். ரோலரை யாரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, அது உண்மை. மண்ணைக் கொத்தி நனைத்து, திரும்ப விரித்து, பலகை போட்டு நானும் பையனும் மிதித்தோம். ஞாயிற்றுக்கிழமை மாமனார் மறுபடி வருகிறாராம். அந்த ஓரத்தில் நாலு செங்கல் வைத்திருக்கிறேன்.