போர்டுல பேர் எழுதின லீடருங்க, எழுதப்பட்டவங்க எல்லாம் இங்க வாங்க

தாமிரபரணிக்காரி:
போன செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டை பஸ்ஸுல ஒருத்தியைப் பார்த்தேன். அதுலேருந்து மனசு ஒரு நிலையில இல்ல, அதான் எழுதுதேன்.

1994, ஏழாப்பு. நான் லீடர். டீச்சர் ஆபீஸ் ரூமுக்குப் போகும்போது சாக்பீஸை என் கையில குடுத்துட்டுப் போவாங்க. மிச்சம் உங்களுக்கே தெரியும். 'பேசியவர்கள்'னு தலைப்பு, அடியில கோடு, கீழ பேரு. திரும்பவும் பேசினா பக்கத்துல ஒரு 'மி', 'மிக'ங்கிறதோட சுருக்கம். அதுக்கு மேல 'மி.மி'.

அன்னிக்கு அவ வாயே திறக்கல. முந்தின நாள் நொண்டி விளையாட்டுல என்னைச் சேர்த்துக்கலைன்னு எனக்குக் கோவம். அவ பேரை எழுதி மூணு 'மி' போட்டேன். டீச்சர் வந்தாங்க, யாரையும் ஒண்ணும் கேக்கல. போர்டுல இருந்தா இருந்ததுதான். மர ஸ்கேலைச் செங்குத்தாத் திருப்பி விரல் மொளியில நாலு போடு.

அவ அழல. அடிச்சு முடிச்ச பிறகும் கையை நீட்டிட்டே நின்னா. டீச்சர் அடுத்த பிள்ளைகிட்டப் போயாச்சு, இவ கை மட்டும் அப்படியே நிக்கி. கட்டைவிரல்ல இங்க் பேனா கசிஞ்ச நீலக் கறை. கண்ணு என் மேல. "போய் உக்காரு"ன்னு நான்தான் சொன்னேன். லீடர்லா.

கடைசிபெஞ்ச்:
அக்கா, நீங்களாவது கோவத்துல எழுதினீங்க. எங்க லீடர் பழக்கத்துல எழுதுவான். முதல் பேரு என் பேரு, அதுக்கப்புறம்தான் வகுப்பை நிமிந்தே பார்ப்பான்.

ஆறாம் வகுப்புல அம்மை போட்டு பத்து நாள் லீவு. திரும்பி வந்த அன்னிக்கு சார் என்னைப் பார்த்ததும் "வாடா, உனக்குப் பாக்கி இருக்கு"ன்னார். நான் வீட்டுல வேப்பிலையோட படுத்திருந்தப்போ ரெண்டு நாள் என் பேரு போர்டுல இருந்திருக்கு! வகுப்பே சிரிச்சுது. சாரும் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே ரெண்டு அடி குடுத்தார், மெதுவாத்தான். உண்மையா அடி வாங்கினதெல்லாம் மறந்துபோச்சு, இது மட்டும் மறக்கல. அம்மைப் புண்ணுகூட காயலங்க அப்போ.

சாக்பீஸ்தூசி:
22 வருஷ சர்வீஸ், கணக்கு வாத்தியார், அரசு உயர்நிலைப் பள்ளி. எல்லாரும் அந்த டீச்சரைத்தான் திட்டப் போறீங்கன்னு தெரியும். சாக்பீஸை லீடர் கையில குடுத்துட்டுப் போனவன்தான் நானும். ஹெச்.எம் கூப்பிடுவார், எமிஸ்ல, அதான் பிள்ளைங்க விவரம் ஏத்தற அரசு வெப்சைட்ல, உடனே ஏத்தணும்பார், நெட் சுத்திக்கிட்டே இருக்கும். அந்த முக்கால் மணி நேரம் 52 பேரை யார் பாக்கறது?

என் கதை சின்னது. ஒன்பதாம் வகுப்பு, நான் போர்டு பக்கம் திரும்பினதும் எவனோ விசிலடிச்சான். யாருன்னு கேட்டேன், ஒருத்தனும் சொல்லல. "எல்லாரும் முட்டி போடுங்க"ன்னுட்டு கணக்கைத் தொடர்ந்தேன். பத்து நிமிஷம் கழிச்சுத்தான் பார்த்தேன். முதல் வரிசையில ஒரு பொண்ணு, சைக்கிள்ல விழுந்து முட்டியில கட்டுப் போட்டிருந்தவ, அவளும் முட்டி போட்டிருக்கா. கட்டுத்துணியில ரத்தம் எட்டணா அளவுக்கு ஊறி நிக்குது. "ஏம்மா சொல்லல?" "நீங்க எல்லாரும்னு சொன்னீங்க சார்." விசிலடிச்சவன் கடைசி வரிசையில பெஞ்சுல சாஞ்சு சௌகரியமாத்தான் இருந்திருப்பான்.

புது டீச்சர்கள் யாராவது படிச்சா சொல்லிடறேன். பேர் எழுதற வேலையைப் பிள்ளைங்ககிட்டக் குடுக்காதீங்க. நீங்க வெளிய போகணும்னா நாலு கணக்கைப் போர்டுல எழுதிட்டுப் போங்க, முடிச்சவன் பக்கத்துல இருக்கறவனுக்குச் சொல்லிக் குடுக்கட்டும்னு விடுங்க. சத்தம் வரும், வரட்டும். ஒருத்தன் செஞ்சதுக்கு மொத்த வகுப்பையும் தண்டிக்கவே கூடாது. செஞ்சவனுக்கு அது கொண்டாட்டம், செய்யாதவன் அன்னியோட உங்களை நம்பறதை விட்டுடுவான். வாய்ப்பாடு பத்து தடவை எழுதுன்னு தண்டனை குடுக்காதீங்க, அப்புறம் கணக்குன்னாலே தண்டனைதான் ஞாபகம் வரும். வகுப்பு கத்துதுன்னா நீங்க குரலை இறக்குங்க. பேசறவன் பெஞ்சு பக்கத்துல போய் நின்னுக்கிட்டுப் பாடத்தை நடத்துங்க, பேரே சொல்ல வேண்டாம், பாதி அடங்கிடும். மீதியை மணி அடிச்சப்புறம் வராந்தாவுல தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. எல்லார் முன்னாடியும் கேட்டா அவன் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டான், வகுப்புக்குத்தான் சொல்லுவான். ஜூன்லயே விதி என்னன்னு பிள்ளைங்களையே சொல்ல வச்சு எழுதி ஒட்டுங்க, நாலஞ்சுக்கு மேல வேண்டாம். அதுல லேட்டா வரக் கூடாதுன்னு இருந்தா நீங்களும் லேட்டா வராதீங்க. ஹெச்.எம் மகனுக்கும் அதே விதிதான். அதைத்தான் பிள்ளைங்க கவனிச்சுக்கிட்டே இருக்கும்.

அடிக்கறதைப் பத்தி நான் பேசவே போறதில்ல. 2003லயே தமிழ்நாடு கல்வி விதிகள்ல 51ஆம் விதியைத் திருத்தித் தடை பண்ணியாச்சு. 2010 ஏப்ரல்லேருந்து கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவும் இருக்கு, மனசை நோகடிக்கறதும் அதுல சேத்திதான். ஆனா அதே சட்டத்தோட அட்டவணையில ஆறுலேருந்து எட்டு வரைக்கும் 35 பிள்ளைக்கு ஒரு வாத்தியார்னு போட்டிருக்கே, அதை யாரும் எடுத்துப் பேச மாட்டாங்க.

பழைய எஸ்எஸ்எல்சி:
வாத்தியார் தம்பி, இப்படித் தடவிக் குடுத்துக் குடுத்துத்தான் பிள்ளைக இப்ப வாத்தியாரையே கைநீட்டுது. எங்க அப்பா என்னையப் பள்ளிக்கூடத்துல விடும்போது "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுருங்க, மத்ததை உரிச்சுருங்க"ன்னுதான் விட்டாரு. நான் தாலுகா ஆபீஸ்ல சிரஸ்தாராகி ரிட்டயர் ஆனேன். கெட்டா போயிட்டேன்?

எங்க வாத்தியாருக்குப் புளிய விளார் ஒடிச்சுட்டு வர்றது என் வேலை. ஒருநா எனக்கே அடி விழுகப் போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. மெல்லிசா ஒடிச்சா வலிக்காதுன்னு நெனச்சு ஈர்க்குச்சி கணக்கா ஒடிச்சுக் குடுத்தேன். அதுதாங்க சுள்ளுன்னு இழுக்கும். வாத்தியார் விளாரைப் பார்த்தாரு, என்னையப் பார்த்தாரு, "நல்லாப் பாத்துத்தான் ஒடிச்சுருக்கே"ன்னாரு. கெண்டைக்கால்ல ஏழு கோடு. அம்மா தேங்காயெண்ணெய் தடவும்போதும் ஏன்னு கேக்கல. யாரும் கேக்க மாட்டாக அப்ப.

கடைசிபெஞ்ச்:
ஐயா, அடி வாங்கி சிரஸ்தார் ஆனவர் வந்து எழுதறார். அடி வாங்கி எட்டாவதோட நின்னவன் இங்க வந்து எழுத மாட்டான். எங்க வகுப்புல அப்படி மூணு பேரு. ஒருத்தன் இப்பவும் எங்க தெருவுலதான் பஞ்சர் கடை வச்சிருக்கான், பள்ளிக்கூடத்து வாசல் வழியாப் போக மாட்டான், சுத்திக்கிட்டுப் போவான்.

கருப்புக்கோட்டு:
ஒரு திருத்தம். 17ஆம் பிரிவு பேசறது 6 முதல் 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளைப் பத்தித்தான். சாக்பீஸ் சார் சொன்ன ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு அதைத் தாண்டியிருக்கலாம். அதுக்கு 2015ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவு இருக்கு, 18 வயசு வரை. பிள்ளையைப் பொறுப்புல வச்சிருக்கறவங்க கொடுமைப்படுத்தினா மூணு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். புகார் சொல்ல 1098. கதையெல்லாம் எனக்கு இல்லீங்க, நான் நல்ல பிள்ளை.

கடைசிபெஞ்ச்:
நல்ல பிள்ளையா? அப்ப நீங்கதான் லீடர்.

சிறுவாணித்தண்ணி:
சண்டை முடிஞ்சுதுங்களா? நான் அடியைப் பத்திச் சொல்ல வரலீங்க.

பையன் நாலாவது, தனியார் பள்ளிக்கூடம். ஹோம்வொர்க் நோட்டை வேன்ல விட்டுட்டான். எழுதிட்டேன் மிஸ்னு சொல்லியிருக்கான், நம்பலை. இம்போசிஷன், அம்பது தடவை. சும்மா 'இனி நோட்டை மறக்க மாட்டேன்'னு குடுத்திருந்தா நானே உக்காந்து எழுதச் சொல்லியிருப்பேன். அவங்க குடுத்த வரி 'நான் பொய் சொல்பவன்'.

இம்போசிஷனை எப்படி எழுதுவோம், நமக்குத் தெரியாதா? வரி வரியா எவன் எழுதுவான், மேலிருந்து கீழ ஒவ்வொரு வார்த்தையா இறக்குவோம். நான் சமையல் முடிச்சு வந்து எட்டிப் பார்த்தப்போ முதல் வரிசை மட்டும் முடிச்சிருந்தான். ரெண்டு பக்கத்துக்கும் இடது ஓரமா அம்பது 'நான்'. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. "அம்மா, அடுத்தது 'பொய்'யா 'பொய்ய்'யா?"ன்னு கேட்டான். எழுத்துப் பிழை வந்தா மறுபடி எழுதச் சொல்லுவாங்களாம்.

மறுநாள் வேன் டிரைவர் அண்ணன் சீட்டுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துக் குடுத்தாரு. ஹோம்வொர்க் எழுதித்தான் இருந்துச்சு. கொண்டு போய்க் காட்டினேன். "ஓ, ஓகே மேடம், இனிமே பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்க"ன்னாங்க. மேஜையில அவன் எழுதின பக்கம் டிக் போட்டு இருந்துச்சு. அதைத் திருப்பிக் கேட்டு வாங்கணும்னு கேட் தாண்டினப்புறம்தான் தோணுச்சுங்க.

சாக்பீஸ்தூசி:
கேட்டு வாங்கியிருக்கணும்மா. அந்த மிஸ்ஸையும் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கணும். நான் அந்தக் கட்டுப் போட்ட பொண்ணுகிட்ட அடுத்த நாள் வகுப்பு முன்னாடி, நான் செஞ்சது தப்பும்மான்னு சொன்னேன். அவ எந்திரிச்சு நின்னு "தேங்க்யூ சார்"னா. அது இன்னும் மோசமா இருந்துச்சு. அதை முன்னாடி எழுதாம விட்டுட்டேன்.

கடைசிபெஞ்ச்:
தாமிரபரணி அக்கா, பத்த வச்சுட்டுக் காணாமப் போயிட்டீங்களே. பஸ்ஸுல பேசினீங்களா, இல்லியா?

தாமிரபரணிக்காரி:
பேசினேன் தம்பி. நான் எங்க பேசினேன், அவதான் முதல்ல. "ஏட்டி, நீ லீடர்லா?"ன்னா. அவ மக பக்கத்துல யூனிஃபார்மோட உக்காந்திருக்கு. வீடு, வேலை, யாரு செத்தா யாரு இருக்கான்னு எல்லாம் பேசியாச்சு. அப்புறம் தைரியத்தை வரவச்சுக்கிட்டு, "அன்னிக்கு நீ பேசலன்னு எனக்குத் தெரியும்டி"ன்னேன்.

அவ சிரிச்சா. "என்னிக்கு?"

எந்த நாள்னு நான் சொல்லத் தொடங்குறதுக்குள்ள சமாதானபுரம் வந்துட்டு. பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கிட்டா.