நேபாளப் பொண்ணு காலேஜ் சேரணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்

பழைய வண்ணாரப்பேட்டையில எங்க தெருமுனையில மோமோ கடை போட்டிருக்கிற நேபாளக்காரர் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா. ஆறாவதுல இருந்து இங்கதான், தமிழ் மீடியம். என் பையனை விட நல்லா தமிழ் எழுதுவா (அவன் இதைப் படிக்க மாட்டான்).

பி.காம் கேட்டுப் போன இடத்துல, "ஸ்டூடன்ட் விசா எங்க?"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நேபாளத்துக்காரங்களுக்கு இந்தியா வர விசாவே வேணாம். தங்க, தொழில் பண்ண 1950 ஒப்பந்தமே இருக்கு. சொன்னா, "எழுத்துல கொண்டாங்க"ங்கறாங்க.

அப்பாகிட்ட இருக்கிறது நாகரிக்தா, அவங்க ஊர் குடியுரிமைச் சான்று. ரெண்டு கட்டைவிரல் ரேகையும் மங்கிப்போய், முழுக்க தேவநாகரியில. பொண்ணுக்கு இன்னும் எடுக்கல. கோரக்பூர் வரைக்கும் ரயில், சுனௌலி எல்லை தாண்டி பஸ், சொந்த மாவட்டத்துக்கே போகணும். அதுக்குள்ள அட்மிஷன் முடிஞ்சிடும்.

இங்க நேபாளப் பிள்ளைங்களைக் காலேஜ்ல சேர்த்தவங்க யாராவது இருக்கீங்களா? எந்த கோட்டாவுல எடுத்தாங்க? நாகரிக்தாவை மொழிபெயர்த்து நோட்டரி வாங்கினா போதுமா? ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவன்ல வெளிநாட்டினர் பதிவு ஆபீஸ்ல "விசா தேவையில்லை"ன்னு லெட்டர் தருவாங்களா?

வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவர்கிட்டயே பேசணும்னா மத்தியானம் மூணு மணிக்குள்ள சொல்லுங்க, அப்புறம் மாவுல கை வெச்சிடுவார்.