பேசிக்கொண்டிருக்கும்போதே நெட்வொர்க் மாறி அறுந்த அழைப்பு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தென்னந்தோப்பு (ஆனைமலை பக்கம்)

டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகப் பேசுகிற வைஃபை காலிங் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக அந்த ராத்திரிக்கு வருகிறேன். எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு, தோப்புக்குள் இருக்கிறது. டவர் சிக்னல் ஒரு கோடு வந்தால் அதிகம், பேச்செல்லாம் வைஃபையில்தான். எங்கள் மாடு செவலைக்குத் தலைச்சன் ஈற்று. பனிக்குடம் உடைந்து ரொம்ப நேரமாகியும் கன்று வரவில்லை. டாக்டர் பக்கத்து ஊரில் வேறொரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வருகிறேன், அதுவரை நான் சொல்கிறபடி செய்யுங்கள் என்றார். பேசிக்கொண்டே திண்ணையிலிருந்து மாடு கட்டும் கட்டுத்தரைக்கு நடந்தேன்.

"முன்னங்கால் ரெண்டும் தெரியுதுங்களா? அதுக்கு மேல மூக்கு தெரியணும். மூக்கு தெரியலைன்னா இழுக்க..."

அதோடு நின்றுவிட்டது. இழுக்கணுமா, இழுக்கக் கூடாதா? நம் பேச்சில் வேண்டும், வேண்டாம் என்பது கடைசியில்தான் வருகிறது. அந்தக் கடைசிதான் வரவில்லை.

திரும்பக் கூப்பிட்டேன். 'அழைக்கிறது' என்று காட்டுகிறது, மணி போகவில்லை. மேலே பார்த்தால் வைஃபை ஒரே ஒரு கோட்டில் நிற்கிறது. விடவும் மாட்டேன் என்கிறது, வேலையும் செய்யவில்லை. அதை அணைத்தால் டவருக்குப் போகும் என்பதே எனக்கு உறைக்கவில்லை. மூக்கு தெரியவில்லை. மாமா கயிற்றைப் போட்டு இழுக்கலாம் என்றார். இழுத்தோம். வைஃபையை அணைத்துவிட்டு டாக்டரைப் பிடித்தபோது, "இழுக்கக் கூடாதுன்னு சொன்னனேங்க, தலை பின்னால மடங்கியிருக்கும்" என்றார். அவர் வந்து மாட்டைக் காப்பாற்றினார். கன்று பிழைக்கவில்லை. அழைப்பு அறுந்ததால்தான் போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருடமாகியும் அந்த 'இழுக்க' காதை விட்டுப் போகவில்லை.

27வது வளைவு (பவானி)

திம்பம் மலையில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஆசனூரைத் தாண்டினால் போன் நம் பக்கமும் கர்நாடகப் பக்கமும் மாறி மாறித் தாவும். பேட்டரி அரை மணியில் காலியாகும். 2018இல் சாம்ராஜ்நகரில் மஞ்சள் ஏற்ற நின்றபோது, இந்தத் தாவலே வேண்டாம் என்று நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து, கையால் ஒன்றைப் போட்டுவிட்டேன். கம்பெனிப் பெயர் ஒன்றுதான். ஆனால் கர்நாடக வட்டத்துக்கு (செல்போன் சேவைப் பகுதியைத்தான் வட்டம் என்கிறார்கள்) ஒரு நெட்வொர்க் எண், தமிழ்நாட்டு வட்டத்துக்கு வேறு எண் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நான் பிடித்துக் கொடுத்தது கர்நாடக எண்ணை. பண்ணாரி இறங்கியதும் போன் அதையே தேடிக்கொண்டிருந்திருக்கிறது. நம் ஊர் டவர் பக்கத்திலேயே இருந்தும் தொடவில்லை.

நான் ஈரோட்டில் மண்டி வாசலில் லாரிக்குள் நிம்மதியாகத் தூங்குகிறேன். இங்கே வீட்டில் தொடர்பு கிடைக்காமல் தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறான். யானை நடமாடும் ரோடு அது. 27 கொண்டை ஊசி வளைவிலும் நிறுத்தி நிறுத்தி, டார்ச் அடித்துப் பள்ளத்துக்குள் என் லாரியைத் தேடியிருக்கிறான். விடிந்து நான் போன் செய்தபோது அவன் ஒன்றும் பேசவில்லை, அழுதான்.

பனியன் ஊர் ஒயர்மேன் (திருப்பூர்)

தென்னந்தோப்பு நண்பருக்கு: வருத்தமாக இருக்கிறது. ஆனால் போனைக் குறை சொல்வது முழுக்கச் சரியில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது டவர் விட்டு டவர் மாறுவது வேறு. பக்கத்து டவர்கள் எவ்வளவு கேட்கின்றன என்று போன் அளந்து சொல்லும், எப்போது மாறுவது என்று நெட்வொர்க் முடிவெடுக்கும். வைஃபையில் அந்த முடிவு போன் கையில். சிக்னல் வலு மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால்தான் ஐபோன் வேறு ஆக்சஸ் பாயின்ட்டை, அதாவது வேறு வைஃபை பெட்டியைத் தேடவே ஆரம்பிக்கும் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது.

எனக்கு நடந்தது சின்னது. தகரக் கூரை போட்ட ஒரு பனியன் கம்பெனியில், பேக்கிங்கில் நின்ற அக்காவின் ஸ்கேனர், தலைக்கு மேலேயே பெட்டி இருக்க, கட்டிங் பகுதிப் பெட்டியையே பிடித்துக்கொண்டிருந்தது. கன்டெய்னர் வாசலில் நிற்கிறது, அவர் அட்டைப்பெட்டியை ஸ்கேன் செய்கிறார், செய்கிறார், பதிவாகவே இல்லை. அவர் கை நடுங்கியதை மறக்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது: கட்டுத்தரையில் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள். அதற்கும் வீட்டு ரவுட்டரின் பெயரும் பாஸ்வேர்டுமே இருக்கட்டும். ரவுட்டர் பவரை முழுதாக ஏற்றாதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு அது. ரவுட்டர் விநாடிக்குப் பத்து முறை தன் பெயரைக் கூவுகிறது. அது போனுக்குக் கேட்கும். போனின் சின்னக் குரல் திரும்ப ரவுட்டருக்குக் கேட்காது. கோடு இருக்கும், பேச்சு போகாது, உங்களுக்கு ஆனது இதுவாகத்தான் இருக்கும். செப்பு ஒயர் நூறு மீட்டர் வரை தாங்கும், ஆனால் தோப்பில் இடி விழும், ஃபைபர் இழுப்பது நல்லது. வாங்கும்போது 802.11 கே, வி, ஆர் என்ற வைஃபை வசதிகள் மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். கே பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று போனுக்குச் சொல்லும். வி 'அங்கே போ' என்று யோசனை சொல்லும். ஆர் மாறும்போது பாஸ்வேர்டு சரிபார்க்கும் நேரத்தைக் குறைக்கும். இதெல்லாம் முடியாவிட்டால் வைஃபை காலிங் அமைப்பில் மொபைல் நெட்வொர்க்குக்கு முன்னுரிமை கொடுங்கள், எல்லாப் போனிலும் அந்த வசதி இருக்காது.

காலை ரயில் அம்மா (போத்தனூர்)

ஒயர்மேன் தம்பி, மாறுவதை முடிவெடுப்பது போன் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் போனைக் குறை சொல்லாதீர்கள் என்றால் எப்படி? அந்த இருட்டில் கட்டுத்தரையில் நிற்கிறவருக்கு டிபிஎம் தெரிந்திருக்க வேண்டுமா? அவர் ஒயர் எந்த ஒயர் என்று கேட்கவும் இல்லை.

என் மகள் பாலக்காட்டுக் கல்லூரிக்கு ரயிலில் போகிறாள். எட்டிமடை தாண்டினால் வாளையார், தமிழ்நாட்டு வட்டம் முடிந்து கேரள வட்டம். தினமும் அங்கே அழைப்பு அறும், கஞ்சிக்கோட்டில் திரும்பக் கூப்பிடுவாள், பழகிப்போனது. போன மார்கழியில் ஒரு காலை, "அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், கோபப்படாம..." என்றாள், அறுந்தது. கஞ்சிக்கோட்டில் கூப்பிட்டவள், "ஒண்ணுமில்லம்மா, சாப்பிட்டியா?" என்றாள். எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். சிரித்து மழுப்புகிறாள். அந்த நிமிடத்தில் சொல்லத் துணிந்தது திரும்ப வரவில்லை.

தென்னந்தோப்பு

ஒயர்மேன் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன், கோபமில்லை. அக்கா, நீங்கள் கேட்டதற்கும் நன்றி. செவலை மறுபடி சினை. தையில் ஈனும். இந்த முறை டாக்டர் வீட்டு வாசலில் முதல் நாளே போய் நிற்கப் போகிறேன்.