விசார்ட் முதல் ரவுண்டிலேயே சண்டையை முடித்துவிடுகிறார்: ஸ்பெல்லைத் தடை செய்வதா, வேறு வழி உண்டா?

மலைக்கோட்டை_டிஎம்:

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் மேசைக் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர். நான்கு பேர், எல்லாருமே 7ஆம் லெவல்: விசார்ட் (மந்திரவாதி), பேட்டில் மாஸ்டர் ஃபைட்டர் (உத்தி தெரிந்த போர்வீரர்), ரோக் (திருடர்), கிளெரிக் (பூசாரி). சண்டை தொடங்கியதும் விசார்ட் ஹிப்னாடிக் பேட்டர்ன் என்ற மயக்கும் ஸ்பெல்லை (மந்திரம்) போடுகிறார். எதிரிகளில் பாதிக்கு மேல் சிலையாக நிற்கிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் மேல் ஃபயர்பால் என்ற நெருப்புக் குண்டு. ஃபைட்டருக்கும் ரோகுக்கும் மயங்கியவர்களை ஒவ்வொருவராக வெட்டுவதுதான் வேலை. கதைப்படி ஒரு நாளைக்குப் பெரும்பாலும் ஒரு சண்டை, அதன்பின் லாங் ரெஸ்ட் (செலவான சக்திகள் திரும்பும் நீண்ட ஓய்வு). இந்த இரண்டு ஸ்பெல்லையும் தடை செய்யலாமா? இல்லை, மான்ஸ்டர் எல்லாவற்றுக்கும் மேஜிக் ரெசிஸ்டன்ஸ் (மந்திரத்தை எதிர்க்கும் திறன்) கொடுத்துவிடலாமா?

பகடை_இருபது:

இரண்டும் வேண்டாம். கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் சொன்னதுதான் காரணம்: ஒரு நாளைக்கு ஒரே சண்டை.

7ஆம் லெவல் விசார்டிடம் 11 ஸ்லாட், அதாவது அடுத்த லாங் ரெஸ்ட் வரை ஸ்பெல் போட 11 வாய்ப்பு. முதல் நிலையில் 4, இரண்டில் 3, மூன்றில் 3, நான்கில் 1. ஷார்ட் ரெஸ்டில் (ஒரு மணி நேர ஓய்வு) ஆர்க்கேன் ரெக்கவரி என்ற திறன் மூலம் இன்னொரு பெரிய ஸ்லாட் திரும்பக் கிடைக்கும். ஆக, சண்டையைப் புரட்டிப் போடும் ஸ்பெல் நாளைக்கு நான்கு, மிஞ்சிப்போனால் ஐந்து. ஒரே சண்டை, அதுவும் மூன்று ரவுண்டு என்றால் ஒவ்வொரு ரவுண்டிலும் ஒன்றை வீசலாம், மிச்சமும் இருக்கும். நான்கைந்து சண்டை என்றால் ஒன்றுக்கு ஒன்றுதான், வீசுவதற்கு முன் யோசித்தாக வேண்டும்.

ஃபைட்டர் கணக்கு நேர் எதிர். வலிமை 18, கிரேட்ஸ்வோர்டு: ஓர் அடிக்குச் சராசரி 11 சேதம், ரவுண்டுக்கு இரண்டு அடி. 65 சதவீதம் படும் என்று வைத்தால் ரவுண்டுக்கு 14 சொச்சம். இது காலையிலும் 14, ஆறாவது சண்டையிலும் 14. ஃபயர்பால் 8டி6 (எட்டு ஆறுமுகப் பகடை), சராசரி 28. சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) செய்தால் பாதி. நான்கு பேர் சிக்கி இருவர் சேவ் செய்தால் மொத்தம் 84. அதே ஸ்பெல்லைத் தனியாக நிற்கும் ஒருவன் மேல் வீசினால் சராசரி 21, ஃபைட்டரின் ஒன்றரை ரவுண்டு வேலை. ஸ்பெல் பெரிதாகத் தெரிவது எதிரிகளைக் கும்பலாக நிறுத்துவதால்.

ஆக்ஷன் சர்ஜ் (கூடுதலாக ஒரு ஆக்ஷன்), செகண்ட் விண்ட் (தன்னைத்தானே தேற்றிக்கொள்வது), பேட்டில் மாஸ்டரின் ஐந்து டி8 (உத்திகளுக்கான எட்டுமுகப் பகடை) எல்லாம் ஷார்ட் ரெஸ்டில் திரும்புபவை. ஷார்ட் ரெஸ்டே எடுக்காத மேசையில் அந்த ஃபைட்டருக்கு இவற்றில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கொடுத்தால் நாளைக்கு மூன்று ஆக்ஷன் சர்ஜ், 15 டைஸ்.

2014 டிஎம் வழிகாட்டி நாளைக்கு ஆறு முதல் எட்டு என்கவுன்டர் (மோதல்) என்று கணக்கிட்டுத்தான் கிளாஸ்களை எடை போடுகிறது. எட்டு ஓட்டுவது சிரமம். நான்கு, நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்று ஆரம்பியுங்கள். எல்லாம் வெட்டுக்குத்தாக இருக்க வேண்டியதில்லை. ஸ்லாட்டைச் செலவழிக்க வைக்கும் எதுவும் கணக்கில் சேரும்.

கருங்கல்_காவலன்:

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் ஹிப்னாடிக் பேட்டர்னைத் தனியாகப் பார்க்க வேண்டும்; நாளில் நான்கு சண்டை இருந்தாலும் நான்கிலும் அதையே போடுவார்.

அது கான்சன்ட்ரேஷன் ஸ்பெல், போட்டவரின் கவனம் கலைந்தால் முடிந்துவிடும். அடிபட்டால் விசார்ட் கான்ஸ்டிட்யூஷன் (உடல் வலு) சேவ் செய்ய வேண்டும்: டிசி (எட்ட வேண்டிய எண்) 10, அல்லது பட்ட சேதத்தில் பாதி, எது அதிகமோ அது. கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு அடிக்கும் தனி சேவ். கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள விசார்ட் டிசி 10ஐ 65 சதவீதம் தாண்டுவார். ஓகர் ஒரே அடியில் 13 கொடுத்தாலும் டிசி 10தான். மூன்று கோப்ளின் அம்புகள் தலா 5 கொடுத்தாலும் டிசி 10தான், ஆனால் மூன்று சேவ். மூன்றையும் தாண்டும் வாய்ப்பு 27 சதவீதம். பெரிய அரக்கனை விடச் சின்ன வில்லாளிகள் நால்வரை 60 அடி தள்ளிப் பிரித்து நிறுத்துவதுதான் பயன். பேட்டர்ன் 30 அடி கன சதுரம், எல்லாரையும் மூடாது.

ஷீல்டு ஸ்பெல் போட்டு ஏசியை (அவரை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 5 ஏற்றிக்கொள்வார், போடட்டும். அதற்கு ஒரு ஸ்லாட், ஒரு ரியாக்ஷன் (சுற்றுக்கு ஒன்றே கிடைக்கும் உடனடி எதிர்வினை). அந்தச் சுற்றில் எதிரியின் ஸ்பெல்லை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல்லுக்கு ரியாக்ஷன் இருக்காது. முதல் நிலை ஸ்லாட் நான்கில் ஒன்று காலையிலேயே மேஜ் ஆர்மர் என்ற காப்பு ஸ்பெல்லுக்குப் போயிருக்கும். வார் காஸ்டர் ஃபீட் (கவனம் கலையாமல் காக்கும் சிறப்புத் திறன்) எடுத்திருந்தால் அந்த 65 சதவீதம் 88 ஆகும். அப்போது அம்பு போதாது, பேட்டர்ன் போடுவதற்கு முன்பே அவர் கண்ணில் படாமல் நிற்க வேண்டும்.

பலர் மறக்கும் இன்னொன்று: மயங்கியவனை விழித்திருக்கும் கூட்டாளி ஒரு ஆக்ஷன் செலவழித்து உலுக்கி எழுப்பலாம். ஹாப்காப்ளின் போன்ற படைவீரர்கள் இதைச் செய்யாமல் நிற்பது பொருந்தாது. அடிபட்டாலும் விழிப்பார்கள். ஃபயர்பாலின் விட்டம் 40 அடி, பேட்டர்னை விடப் பெரிது. மயங்கியவர்களையும் மயங்காதவர்களையும் கலந்து நிற்க வைத்தால் உங்கள் விசார்டின் இரண்டு ஆயுதங்களும் ஒன்றையொன்று கெடுக்கும்.

தாள்_பென்சில்:

மேஜிக் ரெசிஸ்டன்ஸை எல்லா மான்ஸ்டருக்கும் ஒட்டினால் தண்டனை மாதிரி இருக்கும். கிளெரிக்கும் சேர்த்து அடிபடுவார்.

இந்தச் சிக்கலுக்கு வரலாறு உண்டு. ஏடி&டி என்ற இதே விளையாட்டின் பழைய இரண்டாம் பதிப்பில் இரண்டாம் லெவலுக்குப் போக தீஃபுக்கு (இன்றைய ரோக்) 1250 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), ஃபைட்டருக்கு 2000, விசார்டுக்கு 2500. விசார்டுக்கு டி4 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). ஸ்பெல்லைச் சொல்லி முடிப்பதற்குள் அடிபட்டால் ஸ்பெல் வீண். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாருக்கும் ஒரே எக்ஸ்பி அட்டவணை கொடுத்தது, எதிரி பக்கத்திலேயே நின்று பாதுகாப்பாக மந்திரம் போட ஒரு ரோலும் கொடுத்தது. பிரேக்குகள் கழன்றன, இன்ஜின் அப்படியே இருந்தது. ஐந்தாம் பதிப்பில் மிஞ்சிய முக்கியமான பிரேக் கான்சன்ட்ரேஷன். அதைத் தளர்வாக ஆடினால் வேறு எதுவும் பிடிக்காது.

சண்டைக்கு வெளியே ரோகையும் கவனியுங்கள். நாக் ஸ்பெல் பூட்டைத் திறக்கும், ஆனால் அந்தத் தட்டல் சத்தம் 300 அடி வரை கேட்கும். பல டிஎம்கள் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்பர்டிஸ் என்ற தேர்ச்சியோடு +10 வைத்திருக்கும் ரோக், டிசி 15 பூட்டை 80 சதவீதம் சத்தமில்லாமல் திறப்பார். பக்கத்து அறையில் காவலர்களை வையுங்கள். யார் திறப்பது என்று மேசையே முடிவு செய்யும்.

மலைக்கோட்டை_டிஎம்:

நன்றி. எங்கள் கதை பயணம் சார்ந்தது, நாளைக்கு நான்கு சண்டை இயல்பாக வராது. ஓய்வு நேரத்தை நீட்டும் கிரிட்டி ரியலிசம் விதியை எடுத்துக்கொள்ளலாமா? டன்ஜனுக்குள் (பாதாள அறைகள்) போனாலும் டைனி ஹட் என்ற பாதுகாப்புக் கூடார ஸ்பெல்லைப் போட்டுத் தூங்கிவிடுகிறார்கள்.

பகடை_இருபது:

கிரிட்டி ரியலிசத்தில் ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். பயணத்துக்குப் பொருந்தும். ஆனால் மேஜ் ஆர்மர் 8 மணி நேரம்தான் நிற்கும்; தினம் ஒரு தடவை போட்டால் வாரத்துக்கான முதல் நிலை ஸ்லாட் நான்காம் நாளே காலி. டன்ஜனுக்குள் போனால் அறைக்கு அறை ஷார்ட் ரெஸ்ட் கிடையாது, உங்கள் ஃபைட்டரும் வாடுவார்.

இரண்டுக்கும் நடுவே ஒன்று: ஷார்ட் ரெஸ்ட் வழக்கம்போல ஒரு மணி நேரம். லாங் ரெஸ்ட் மட்டும் ஊர், கோயில், காவல் உள்ள கோட்டை போன்ற பாதுகாப்பான இடத்தில்தான் பலிக்கும். வழியில் தூங்கினால் அது ஷார்ட் ரெஸ்ட் கணக்கு. ஊருக்கு ஊர் நான்கு மோதல் வைத்தால், அவை ஆறு நாளில் நடந்தாலும் ஸ்லாட் கணக்கு சரியாக வரும்.

டைனி ஹட்டையும் இது தீர்க்கும். காட்டில் மழைக்கு ஒதுங்க அது இருக்கட்டும். பழைய விதியிலேயே தொடர்ந்தால் 8 மணி நேரமும் எதிரியைச் சும்மா இருக்க விடாதீர்கள். கூடாரத்தைச் சுற்றி வில்லாளிகள் காத்திருக்கலாம், வாசலைக் கல்லால் அடைக்கலாம், யாராவது மந்திரத்தைக் கலைக்கும் டிஸ்பெல் மேஜிக்கோடு வரலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நடு ஆட்டத்தில் மாற்றாதீர்கள். அடுத்த ஊரை அடைந்ததும் அறிவியுங்கள், விசார்டுக்கு இரண்டு ஸ்பெல்லை மாற்றிக்கொள்ள அனுமதி கொடுங்கள். மணிக்கணக்கில் நீடிக்கும் ஸ்பெல்களை நம்பி அவர் கட்டிய திட்டம் இந்த மாற்றத்தில்தான் முதலில் அடிபடும்.