தச்சர் சங்கத் தலைவர் ஆப்பிள்கார்த் ஏன் விலகினார்?

கேள்வி: 1862 முதல் பிரிட்டன் தச்சர் சங்கத்தின் பொதுச்செயலாளர் ராபர்ட் ஆப்பிள்கார்த். செல்வாக்கோடு இருந்தவர் 1871இல் ஏன் விலகினார்?

பதில்: அரச விசாரணைக் குழு ஒன்றில் அவரை உறுப்பினராகப் போட்டார்கள். தொழிலாளி ஒருவருக்கு அப்படி இடம் கிடைத்தது அதுதான் முதல்முறை. சங்க நேரத்தில் அங்கே போகிறார் என்று நிர்வாகத்தில் முறுக்கிக்கொண்டார்கள். பொறுப்பை விட்டுவிட்டார். பெரிய இழப்பு.

இன்னொரு பதில்: நானும் தச்சன். அவரிடம் எனக்குப் பிடித்தது சங்க நிதியை அவர் நடத்திய விதம். உளியும் இழைப்புளியும் தொலைந்தாலும் தீயில் போனாலும் சங்கமே பணம் தரும். கருவி போனால் மறுநாள் கூலி ஏது? நோய்க்கும் முதுமைக்கும்கூட உதவி உண்டு. 1867இல் தொழிற்சங்கங்களை விசாரித்த குழுவின் முன் இந்தக் கணக்குகளோடுதான் வாதாடினார்.

கேட்டவர்: சரி, அப்புறம் பிழைப்புக்கு?

பதில்: பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுக்கு முகவரானார். 1924இல், 90 வயதில் காலமானார்.