விபத்தைப் பற்றிப் பையன் பேசுவதே இல்லை: உடல்வழி சிகிச்சைக்கு யாராவது போயிருக்கிறீர்களா?

அலசூர் அம்மா:
என் பையனுக்கு 9 வயது. பிப்ரவரியில் அவன் அப்பாவோடு ஸ்கூட்டரில் வரும்போது பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு டெம்போ இடித்துவிட்டது. அவருக்குக் காலில் கம்பி வைத்தார்கள், இப்போது நடக்கிறார். பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். சோமேஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

ஆனால் ஹாரன் சத்தம் கேட்டால் அவன் தோள் இரண்டும் காது வரை ஏறிவிடுகிறது. பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிற்றுவலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஒரு கவுன்சலரிடம் மூன்று முறை போனோம். "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்கக் கேட்க, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பேச்சைவிட உடம்பின் உணர்வுகள் வழியாக மனஅதிர்ச்சியை ஆற்றும் உடல்வழி சிகிச்சை என்று ஒருவர் சொல்கிறார். மாமியார் மந்திரிக்கலாம் என்கிறார். பேசாமலே ஒரு பிள்ளை குணமாக முடியுமா?

விவேக்நகர்க்காரி:
என் மகளுக்கு அப்போது 13. என்ன நடந்தது என்று எழுத மாட்டேன், அது அவளுடையது. பசி போயிற்று, தூக்கம் போயிற்று, தொண்டையில் ஏதோ அடைக்கிறது என்பாள்.

உடல்வழி சிகிச்சை செய்யும் ஒருவரிடம் போனோம். முதல் இரண்டு வாரம் அவர் நடந்ததைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெரிய பந்தில் உட்கார வைத்தார். "பாதம் தரையில் படுகிறதா? தொண்டையில் இருப்பது கல்லா, பஞ்சா?" என்று கேட்டார். கல் என்றாள். அப்புறம் ஒருநாள் இரண்டு உள்ளங்கையாலும் சுவரைத் தள்ளச் சொன்னார். தள்ளத் தள்ள அவளுக்குத் தொடை நடுங்க ஆரம்பித்தது. நான் பதறி எழுந்துவிட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "நிறுத்தலாமா?" என்று அவளிடம் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். அன்று இரவு அவள் விடியும்வரை தூங்கியதை நான் விழித்திருந்து பார்த்தேன்.

மூன்றாவது மாதம், ஆட்டோவில் வீடு திரும்பும்போது அவளாகவே என்னிடம் சொன்னாள், முழுவதும். இன்னமும் தெரியாத ஆட்களோடு லிஃப்டில் ஏற மாட்டாள். அது இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தோளைத் தொடுவதற்குக்கூட அவர் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தொட்டார். நானும் எப்போதும் அறையில் இருந்தேன். பிள்ளையைக் கேட்காமல் தொடுகிறவர், உங்களை வெளியே உட்காரச் சொல்கிறவர் என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

மனநல உளவியலாளர், இந்திரா நகர்:
ஆபத்து வரும்போது உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகிறது. பின் சீட்டில் இருந்த குழந்தையால் இரண்டும் முடியவில்லை. அந்த இறுக்கம்தான் தோளிலும் வயிற்றிலும் தெரிகிறது என்பது ஒரு கருத்து. அமெரிக்காவில் பீட்டர் லெவின் என்ற சிகிச்சையாளர் 1970-களில் இருந்து உருவாக்கிய உடல்வழி முறை இந்த எண்ணத்தில் பிறந்ததுதான்.

ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு இந்த முறை பலன் தருகிறது என்பதற்கு ஆய்வுகள் இன்னும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தவை, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தை சிகிச்சையும் (எண்ணத்தையும் நடத்தையையும் மெல்ல மாற்றப் பழக்குவது), கண் அசைவோடு செய்யும் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சையும். உடல்வழிப் பயிற்சிகளை இவற்றோடு சேர்த்துச் செய்பவரைத் தேடுங்கள். உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மூன்றே தடவையில் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித் துறையே இருக்கிறது. அதுவரை 14416-இல் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸை அழைக்கலாம், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். வீட்டில் செய்ய எளிதானது பட்டாம்பூச்சி அணைப்பு: கைகளை மார்பின் குறுக்கே வைத்து, இடம் வலம் என்று மாற்றி மாற்றி மெதுவாகத் தட்டுவது. 1997-இல் மெக்சிகோவின் அகபுல்கோவைப் புயல் தாக்கிய பிறகு, பிழைத்தவர்களோடு வேலை செய்த லூசினா ஆர்ட்டிகாஸ் உருவாக்கியது. நீங்களும் அவனோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

ஜீவன்பீமா நகர் தாத்தா:
மாமியாரோடு சண்டை வேண்டாம் அம்மா. பாட்டி திருநீறு பூசித் தலையைத் தடவினால் பேரனுக்குப் பிடிக்கும் என்றால் பூசட்டும், சிகிச்சையும் நடக்கட்டும். என் பேரனுக்கு இப்படி ஆனபோது, நிறுத்தி வைத்த வண்டியில் உட்கார்ந்து ஹாரனை அவனையே அடிக்கச் சொன்னார் டாக்டர். உங்கள் டாக்டரிடமும் கேட்டுப் பாருங்கள்.

அலசூர் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. 14416-க்குப் பேசினேன். திங்கட்கிழமை நிம்ஹான்ஸ் போகிறோம். நேற்று ராத்திரி பட்டாம்பூச்சி செய்தோம். "அம்மா, நீ வேகமா தட்டுறே" என்றான். அக்கா, உங்கள் சிகிச்சையாளர் தமிழில் பேசுவாரா?

விவேக்நகர்க்காரி:
பேசுவார். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.