பிள்ளையின் கண் வீங்கி முன்னால் தள்ளியது: தொற்றா, கட்டியா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அல்லித்தாய்:
என் மகனுக்கு அப்போது ஏழு வயது. பந்து பட்டதில்தான் இமை வீங்கியது என்று நினைத்தோம். ஆனால் வீக்கம் வடியவில்லை. சில நாட்களிலேயே கண் முன்னால் தள்ளி, கீழ்ப்பக்கமாக இறங்கியது. கண்குழித் தொற்று என்று அட்மிட் செய்து ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். எனக்கு அங்கேதான் உறுத்தியது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, இமையைத் தொட்டால் சூடும் இல்லை. பிள்ளை வலி என்றே சொல்லவில்லை. மருந்து ஏறியும் கண் இன்னும் தள்ளிக்கொண்டே வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூக்கை ஒட்டி, கண்ணுக்கு மேலே கட்டி இருந்தது. பயாப்சியில் (கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் செய்யும் சோதனை) ராப்டோமயோசார்கோமா, அதாவது பிள்ளைகளுக்கு வரும் ஒரு வகைத் தசைப் புற்றுநோய் என்று வந்தது. அந்தப் பந்துக்காக அவன் அண்ணனை எவ்வளவு திட்டியிருப்பேன்! அடியால் இந்தக் கட்டி வராது, அடிபட்டதால் கண்ணை உற்றுப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். கண்குழியைத் தாண்டாத நிலையில் பிடித்துவிட்டால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைத்துவிடுகிறார்கள். கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இவன் இப்போது பள்ளிக்குப் போகிறான்.

கண்மணி அப்பா:
எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. மகளுக்கு முதலில் சளி, பிறகு கடும் காய்ச்சல், ஒரே இரவில் கண் மூடிக்கொண்டது. கண்ணை அசைத்தாலே அலறினாள். சைனஸில் (மூக்கை ஒட்டிய காற்றறை) இருந்த சீழ் கண்குழிக்குள் இறங்கியிருந்தது சி.டி.யில் தெரிந்தது. சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவில் இருக்கும் எலும்பு காகிதம் போல மெல்லியதாம். சீழை வெளியேற்றியதும் காய்ச்சலும் வீக்கமும் மளமளவென்று குறைந்தன.

குழந்தைக் கண் மருத்துவர்:
இருவரும் சொன்னது மிகவும் முக்கியம். அந்த அப்பா சொன்னதுதான் தொற்றின் வழக்கமான முகம். சரியான மருந்து நரம்பில் ஏறினால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் திருப்பம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மருந்தை மட்டும் மாற்றிப் பார்த்தால் போதாது. நோய் அதுதானா என்றே மறுபடி யோசித்து, ஸ்கேனைத் திரும்ப எடுக்க வேண்டும். அதற்காகக் காய்ச்சல் இருந்தால் கட்டி இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ரத்தப் புற்றுநோயிலும் காய்ச்சலோடு கண் தள்ளலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுக்கட்டி கண்ணுக்குள் அழுகும்போது, கிருமியே இல்லாமல் இமை சிவந்து வீங்கி, அச்சு அசல் தொற்றாகவே தெரியும். அதனால் சின்னக் குழந்தை என்றால் கண்மணி வெள்ளையாக மின்னுகிறதா என்று கண்டிப்பாகப் பார்ப்பேன். அந்தச் சந்தேகம் இருக்கும் கண்ணில் ஊசி குத்தவே கூடாது, புற்றணுக்கள் வெளியே பரவிவிடும். அடிபடாமலே இரண்டு கண்ணைச் சுற்றியும் கன்றிப்போனால் நியூரோபிளாஸ்டோமாவுக்காக (பெரும்பாலும் வயிற்றில் தொடங்கும் குழந்தைப் பருவ நரம்புப் புற்றுநோய்) வயிற்றையும் ஸ்கேன் செய்வோம்.

அல்லித்தாய்:
டாக்டர், வருகிறபோது பெற்றோர் என்ன கொண்டுவந்தால் உங்களுக்கு உதவும்?

குழந்தைக் கண் மருத்துவர்:
போனில் இருக்கும் பழைய படங்களைக் கொண்டு வாருங்கள் அம்மா. கண் எப்போது தள்ளத் தொடங்கியது, எவ்வளவு வேகமாகத் தள்ளியது என்பதைப் பல நேரம் அதிலேயே கண்டுபிடித்துவிடுவோம். பார்வை மங்கினாலோ, கண் அசையாவிட்டாலோ படம் தேடிக்கொண்டிருக்காதீர்கள், உடனே கிளம்பிவிடுங்கள்.